தீட்டுக்கல் இல்லாத காட்சி

மலேசியாவின் செடெனாக்கில் இரவு எட்டு மணிக்கு மேல் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், ஒரு பக்கத்திலிருந்து செம்பனை மட்டைகள் காற்றில் உரசிக்கொள்ளும் ஓசையும், மறுபக்கத்திலிருந்து புதிதாக எழுந்து நிற்கும் தரவு மையங்களின் வெண்ணிற வெளிச்சமும் ஒருங்கே வந்து சேரும். நான் சிறுவனாக இருந்த நாளில் அந்த வெளிச்சம் கிடையாது; செம்பனையும் இவ்வளவு கிடையாது. அடுத்த ஊருக்குப் பெயரே செம்பனை என்று பொருள்படும் ‘கெலாப்பா சாவிட்’ என்பதாயினும், எங்கள் லயத்தைச் சுற்றி நின்றவை ரப்பர்ப் பால்மரங்களே. என் தகப்பனார் அந்தக் காட்டில் முப்பத்தோராண்டுகள் பால் வெட்டி ஜீவனம் செய்தார். அவர் கடைசியாகக் கையாண்ட உளி இன்றும் என் வீட்டுச் சாமி மேடையின் கீழ்த்தட்டில் இருக்கிறது. ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். கடையில் வாங்கியபோது இருந்த அலகில் பாதிதான் அதில் மிச்சம். மற்றப் பாதியைத் தீட்டுக்கல் தின்றுவிட்டது. பிடியோ, பாலும் வியர்வையும் ஏறி, கருங்காலி போலக் கறுத்துக் கிடக்கிறது.

சென்ற ஆண்டு என் தங்கை மகன், தரவு மையக் கட்டுமானத்தில் வயரிங் வேலை பார்ப்பவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் கைப்பேசியை என் கண்ணுக்கு நேரே நீட்டி, “மாமா, இதக் கொஞ்சம் பாருங்க” என்றான். முண்டாசு கட்டிய ஒரு வாலிபர், பின்னணியில் வாத்தியம் முழங்க, அலையலையாகக் கோலமிட்ட ஒரு கத்தியால் தொங்கவிட்ட கயிற்றை ஒரே வீச்சில் அறுத்தார். தண்ணீர்ப் புட்டியை இரண்டாக்கினார். தக்காளியை அதன் மறுபுறம் தெரியும்படி சீவினார். பிறகு கத்தியைத் திருப்பித் திருப்பிக் காட்டி, இது டமாஸ்கஸ் எஃகு, கடினம் அறுபது, ஆயுளுக்கும் போதும் என்று சொல்லி, விலையையும், அந்த விலை இன்றிரவோடு முடிகிறது என்ற எச்சரிக்கையையும் ஒரே மூச்சில் தெரிவித்தார். எல்லாம் ஒரு நிமிஷத்திற்குள் அடங்கிவிட்டது. தோட்டத்து வேலிச் செடிகளை வெட்டவும் இளநீர் சீவவும் ஒரு நல்ல கத்தி வேண்டும் என்று பிள்ளை வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மறுநாளே 129 ரிங்கிட் கட்டி அதைத் தருவித்துவிட்டான்.

அவனைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஒரு கருவியைப் பார்த்து, தூக்கி, தட்டி, இது தேறும், இது தேறாது என்று தீர்மானிக்கும் வித்தை, தகப்பனிடமிருந்து மகனுக்கும், கங்காணியிடமிருந்து புதிதாய்ப் பேர் போட்டவனுக்கும், கொல்லனிடமிருந்து ஊருக்கும் கைமாறி வந்த ஒன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, எங்கள் ஜனங்கள் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குப் பெயர்ந்தபோது அந்தச் சங்கிலி அறுந்தது. அது அறுந்த இடத்தில்தான் ‘இன்ஃப்ளூயன்சர்’ எனப்படும் இந்தப் பரிந்துரையாளர் வந்து நிற்கிறார். கேட்பாரற்ற இடத்தில் முதலில் பேசியவர் குரல் எடுபடுவது இயல்புதானே. ஆகவே, ‘இவர்களை நம்பாதே’ என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போவது, தாகத்தால் தவிப்பவனுக்குக் கிணற்றடியைக் காட்டாமல் குட்டைத் தண்ணீரைக் குடிக்காதே என்று உபதேசிப்பதற்கு ஒப்பாகும். எந்தக் கேள்வியைக் கேட்டால் கருவியின் தரம் வெளிப்படும் என்பதை நாமாவது நினைவுபடுத்திச் சொல்ல வேண்டும்.

என் தகப்பனார் உளி வாங்கிய விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சம்பளம் போட்ட மறு வாரம் கூலாயில் ஒரு சீனர் இரும்புக் கடைக்கு என்னையும் அழைத்துப் போவார். கடை முதலாளியான தவுக்கே எண்ணெய்த் தாளில் சுற்றிய பத்துப் பன்னிரண்டு உளிகளை ஒரு தகரத் தட்டில் பரப்புவார். எல்லாம் ஒரே பட்டறையில் செய்தவை, ஒரே முத்திரை, ஒரே விலை. அப்பாவோ அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அலகு வளைந்து மூலையாகும் இடத்தைக் கட்டை விரலின் நகத்தில் மெல்ல வைத்து இழுத்துப் பார்ப்பார். நகத்தில் வழுக்கினால் கீழே வைத்துவிடுவார். பிடித்துக்கொண்டு நின்றால் தனியே ஒதுக்குவார். ஒதுக்கியவற்றை ஒன்றோடொன்று தட்டிச் சப்தத்தைக் கேட்பார். கடைசியில் ஒன்றைத் தேர்ந்து, காசு கொடுத்து, துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு புறப்படும்போது தவுக்கே, “நல்ல சாமானா?” என்று அரைகுறைத் தமிழில் கேட்பார். அப்பா ஒருநாளும் ஆமென்று சொன்னதில்லை. “வெட்டிப் பாத்துச் சொல்றேன் தவுக்கே” என்பதே அவர் மறுமொழி. சொல்வதற்கு மாதம் ஒன்று ஆகும்.

அவ்வளவு ஜாக்கிரதை ஏன் என்பது மரத்தின் அமைப்பை அறிந்தால்தான் விளங்கும். பால்மரத்துப் பட்டையில் பாலூறும் நாளங்கள் எங்கும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. உட்பட்டையில், மரம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் மெல்லிய உயிர்ப்படலத்தை ஒட்டிய பகுதியில்தான் அவை மிக நெருக்கமாக இருக்கின்றன. மேலோடு நின்றுவிட்டால் பால் குறையும். ஒரு நூலிழை ஆழம் கூடிவிட்டால் உயிர்ப்படலம் அறுந்து மரத்திற்குக் காயம் உண்டாகும். அப்படலத்திற்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தூரத்தில் அலகு நின்றுவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் சீவி எடுக்கும் பட்டையின் கனமோ ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர்தான். நாளங்கள் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுவதால், இடப்புறத்து மேட்டிலிருந்து வலப்புறத்துப் பள்ளத்திற்கு, சுமார் 30 பாகைச் சரிவில் கோடு இறங்க வேண்டும். அப்போதுதான் மிகுதியான நாளங்கள் அறுபடும். இத்தனையையும் விடியாத இருளில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், மரத்துக்கு அரை நிமிஷம்கூடச் செலவிடாமல், ஒரு நிரையில் நானூறு ஐந்நூறு மரத்திற்கும் செய்தாக வேண்டும். வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் தணிந்து பால் ஓட்டம் குன்றிவிடும்.

முதல் மரத்திற்குக் கூராக இருந்து முந்நூறாவது மரத்தில் மழுங்கும் உளி, வெட்டுவதை விட்டுக் கிழிக்கத் தொடங்கும். கிழிந்த பட்டை மீண்டும் வளர்ந்து வெட்டுக்கு உகந்ததாவதற்கு ஏழெட்டு ஆண்டுகள் பிடிக்கும். காயம் பட்ட இடமோ முண்டும் முடிச்சுமாக எழும்பி, பிறகு எந்த உளியும் ஓட இடம் தராது. கங்காணி வந்து காயங்களை எண்ணுவார். ஏச்சும் கிடைக்கும், சில சமயம் வேலையும் போகும். அந்தத் தொழிலில் கருவியின் குணத்துக்கு மரமே சாக்ஷி. முப்பதாண்டு காலம் அந்தச் சாக்ஷி தன் உடம்பில் எழுதப்பட்டதை மறைக்காமல் நின்றுகொண்டிருக்கும். இப்படிப்பட்ட சாக்ஷியின் முன்னிலையில் நின்று பழகியவர்கள், கயிற்றை அறுத்துக் காட்டுவதைப் பரீட்சை என்று ஒப்ப மாட்டார்கள். கயிறு ஒரு முறை அறுபடும். அதோடு அதன் சாட்சியம் முடிந்தது.

பரிந்துரை என்பதே இழிவான காரியம் என்று நான் நினைக்கவில்லை. நாங்கள் அனைவரும் இந்நாட்டில் வாழ்ந்ததற்கே ஒரு பரிந்துரையாளர் காரணம். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, பால்மரத்தைப் பயிரிடுங்கள் என்று துரைமாரை விடாமல் வற்புறுத்தி, சட்டைப் பையில் விதையைப் போட்டுக்கொண்டு போய்ப் போகுமிடமெல்லாம் கொடுத்ததால், பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வாங்கினார். ஆனால் அவர் கையில் விதை மாத்திரம் இருக்கவில்லை. அமேசான் காட்டில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பாலெடுத்து மரத்தைச் சிதைத்து வந்த வழக்கத்திற்கு மாற்றாக, ஒரே கோட்டை மீண்டும் மீண்டும் மெல்லச் சீவித் திறந்தால் மரம் சாகாமல் பால் தொடர்ந்து வரும் என்பதை, 1890-களில் தம் தோட்டத்து மரங்களிலேயே பல நாள் வெட்டிப் பார்த்து உறுதி செய்திருந்தார். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் பெருந்தோட்டமாகப் பால்மரம் பயிரிடத் துணிந்ததற்கு அந்த வற்புறுத்தல் ஒரு காரணம். பின்னர் எழுந்த தொழில் முழுவதும் அந்த மெல்லிய சீவலின் மேல் கட்டப்பட்டது. ரிட்லியும் ஒரு பொருளை ஊர் ஊராகப் புகழ்ந்தவரே. புகழ்வதற்கு முன்னால் அவர் அறிந்திருந்தார் என்பதில்தான் அவருடைய கௌரவம் இருக்கிறது.

நம் முன்னோர் இந்த விஷயத்தை மிக நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஒன்றை உண்மையென்று கொள்வதற்கு உரிய பிரமாணங்களைச் சைவ சித்தாந்திகள் காண்டல், கருதல், உரை என்று மூன்றாக வகுத்தார்கள். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் அளவை விசாரத்தோடுதான் தொடங்குகிறது. இவற்றில் உரை என்பது பிறர் வாக்கு. எல்லார் வாக்கும் பிரமாணமாகிவிடாது. ஆப்தனுடைய வாக்கே பிரமாணம் என்பது நியாய நூலாரின் துணிபு. ஆப்தன் யார் என்ற கேள்விக்கு வாத்ஸ்யாயனர் தம் பாஷ்யத்தில் சொல்லும் லட்சணத்தில் இரண்டு அம்சங்கள் உள்ளன: பொருளைத் தானே நேரில் அறிந்தவனாக இருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தவாறே சொல்லும் விருப்பத்தால் தூண்டப்பட்டவனாகவும் இருக்க வேண்டும். இந்த லட்சணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்று அவர் மேலும் சொல்கிறார். ஆளின் குலமோ கீர்த்தியோ பிரபல்யமோ அவ்விலக்கணத்தில் இடம்பெறவே இல்லை. பத்து லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள் என்பது ஆப்தனாவதற்கு உரிய தகுதியன்று. பத்துப் பேர்கூடத் தொடராத, செம்பனைக் காட்டில் இருபது வருஷம் குலை வெட்டிய ஒருவர் ஆப்தராக இருக்கலாம்.

இந்த இரண்டு அம்சங்களையும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்வது அவசியம். ஏனெனில் நம் காலத்துச் சட்டங்களும் நெறிகளும் பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியே கவலைப்படுகின்றன. இந்தியாவில் விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2021-இல் வகுத்த நெறிகளும், அதற்குப் பின் அரசாங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல்களும், காசோ பொருளோ பெற்றுக்கொண்டு பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கின்றன. மலேசியாவில் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், 2011-ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டமும் பொய்யான வர்ணனையைத் தடை செய்கின்றன. ஏமாற்றப்பட்டவர் 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரலாம். இவை நல்ல ஏற்பாடுகள். வேண்டாம் என்று சொல்ல ஒருவரும் துணியார். ஆயினும், ‘நான் காசு வாங்கியிருக்கிறேன்’ என்று ஒருவர் உண்மையாகவே சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும், அந்தக் கத்தியை அவர் மூன்று மாதம் உபயோகித்தாரா என்பது நமக்குத் தெரியவில்லை. எண்ணம் சுத்தமானதா என்பதையே சட்டம் பெரும்பாலும் கேட்கிறது. அறிவு உண்டா என்பதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்.

மருமகனின் கத்தி ஐந்தாவது வாரத்தில் என்னிடம் வந்தது. இளநீர் சீவும்போது ஓட்டின் கடினமான பகுதியில் பட்டு, விளிம்பில் அரிசி அரிசியாக இரண்டிடத்தில் உதிர்ந்திருந்தது. “தீட்டிக் குடுங்க மாமா” என்றான். பின்கட்டில் பலகை போட்டு, கல்லை ஈரத் துணியின் மேல் நிறுத்தி, தண்ணீர் தெளித்துத் தீட்டத் தொடங்கினேன். உதிர்ந்த இடம் சமனாக வேண்டுமானால் அலகைச் சற்றுப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டியிருந்தது. ஐம்பது அறுபது இழுப்புகள் ஆகியிருக்கும். கல்லின் மேல் சாம்பல் நிறக் குழம்பு சேர்ந்தது. துடைத்துப் பார்த்தபோது, கல் பட்ட இடமெல்லாம் அந்த அலைக்கோலம் இல்லை. மழைத் தூற்றல் விழுந்த வாசலில் மாக்கோலம் கரைவதுபோல, விளிம்பிலிருந்து இரண்டு விரல் அகலத்திற்கு வெறும் வெள்ளை இரும்பாக இருந்தது. பிள்ளை குனிந்து பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. கடன்காரன் முன் நின்றவன்போல அவன் அந்தக் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கோலத்திற்குப் பின்னால் இருக்கும் சரித்திரத்தை நினைத்தபோது என் வருத்தம் இன்னும் ஆழமாயிற்று. டமாஸ்கஸ் வாள் என்று உலகம் கொண்டாடியதற்கு மூலப்பொருளாக நெடுங்காலம் இருந்தது தென்னாட்டு உருக்கு. நொய்யலாற்றங்கரையில் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலும், தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரிலும் மண்மூசையில் இரும்பை உருக்கி எஃகாக்கிய தொழிலின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. இரும்புத் துண்டுகளோடு உலர்ந்த ஆவாரங்கட்டையையும் எருக்கிலையையும் மூசையில் இட்டு, வாயை மண்ணால் பூசி, உலையில் வைத்து ஊதுவார்கள் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை கண்ட ஹீத் போன்றோர் குறித்து வைத்திருக்கிறார்கள். அவ்வாறு பெற்ற எஃகுக் கட்டியை மிதமான சூட்டில் பொறுமையாக அடித்து நீட்டும்போது, கரியும் இரும்பும் கூடிய நுண்ணிய கடினப் பொருள்கள் வரிசை வரிசையாகப் படிந்து, அமிலம் பட்டால் அலையாகத் தோன்றும். இந்த ‘வூட்ஸ்’ எஃகை 1795-இல் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் விவரித்தார்; கொல்லர் ஒருவரின் மகனாகிய மைக்கேல் ஃபாரடே, கத்தி செய்யும் ஸ்டோடார்ட் என்பவரோடு சேர்ந்து அதன் ரகசியத்தை அறிய முயன்று 1820-இலும் 1822-இலும் ஆய்வுரைகள் வெளியிட்டார். அந்த அலை எஃகின் உள்ளே பிறந்து மேலே வந்தது. இன்றும் திறமையுள்ள கொல்லர்கள் இருவகை எஃகை மடித்து மடித்து அடித்து வேறொரு வகைக் கோலத்தை உண்டாக்குகிறார்கள். அதுவும் உள்ளே இருப்பதுதான். தேய்த்தால் மறையும், அமிலத்தில் நனைத்தால் திரும்ப வரும். என் மருமகன் வாங்கியதில் இருந்ததோ அப்படித் திரும்பி வராத, மேலே அச்சிட்ட கோலம். எங்கள் முன்னோர் ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் இட்டு உருக்கிய எஃகின் கீர்த்தி, எங்கள் பிள்ளைக்கே இப்படி ஒரு பொய்யாக விற்கப்பட்டது என்பதை நினைக்க எனக்குத் தாங்கவில்லை.

கடினம் அறுபது என்று அந்த வாலிபர் சொன்னாரே, அதைப் பற்றியும் சில வார்த்தை சொல்ல வேண்டும். அது ராக்வெல் என்னும் முறையில் அளந்த எண். வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோ பாரத்தால் உலோகத்தின் மேல் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். ஆழம் குறைந்தால் எண் கூடும். பொய்யான அளவன்று; ஆனால் அது ஒரே ஒரு கேள்விக்கு விடை. அழுத்தத்தைத் தாங்குமா என்பதற்கு அது பதில் சொல்லும். அடியைத் தாங்குமா என்பதற்குச் சொல்லாது. சவரக் கத்திக்கு அறுபது நல்ல குணம். இளநீர் சீவும் கத்திக்கு அதுவே சில சமயம் நோய். எங்கள் பக்கத்தில் பாராங் என்னும் வெட்டுக்கத்தி அடிப்பவர்களும், சிவகங்கைச் சீமையில் திருப்பாச்சேத்தி அரிவாள் அடிப்பவர்களும் லாரிப் பட்டையைத் தேடிப் போவதற்குக் காரணம் ஏழ்மை மட்டுமன்று. பள்ளத்திலும் மேட்டிலும் பாரவண்டியைத் தாங்கி வளைந்து நிமிர்ந்த எஃகு, கட்டையில் பட்டால் உதிராது. கொஞ்சம் மடங்கும், அவ்வளவே. மடங்கியதைக் கல் நிமிர்த்திவிடும். செம்பனைக் காட்டில் குலை வெட்டுபவரைப் பாருங்கள்: தாழ்ந்த மரத்திற்குப் பஹாட் என்னும் நீண்ட உளி, உயர்ந்த மரத்திற்கு அலுமினியக் கழியின் நுனியில் கட்டிய சபிட் என்னும் அரிவாள். இருபது கிலோக் குலையைத் தாங்கும் காம்பை அண்ணாந்து நின்று அறுக்கும் அந்த அரிவாளை, வேலைக்கு நடுநடுவே அவர் கீழே இறக்கித் தீட்டிக்கொள்வார். தீட்டினால் கூர் ஏறக்கூடிய பதத்தில் இருப்பதுதான் அவருக்கு நல்ல இரும்பு.

நான் பார்த்த அந்தக் காணொளியிலும், அதன் பிறகு மருமகனோடு உட்கார்ந்து பார்த்த எத்தனையோ காணொளிகளிலும், ஒரு பொருள் மட்டும் கண்ணில் படவே இல்லை. அதுதான் தீட்டுக்கல். கத்தி உறையிலிருந்து உருவப்படுகிறது, பளபளக்கிறது, வெட்டுகிறது. அதோடு திரை விழுகிறது. மழுங்குவது இல்லை, மழுங்கியதைச் சரி செய்வது இல்லை. கருவியோ தன் ஆயுளில் பெரும்பகுதியை மழுங்கிக்கொண்டும் தீட்டப்பட்டுக்கொண்டும்தான் கழிக்கிறது. கடைக்காரர் இட்ட கூர் முதல் வாரத்தோடு போய்விடும்; பிறகு அதில் இருப்பதெல்லாம் நம் கை இட்ட கூர். ஆகவே ஒருவர் ஒரு கருவியைப் புகழ்ந்தால், நான் அவரிடம் கேட்க விரும்புவது இது ஒன்றே: இதை இரண்டாம் முறை தீட்டினீரா? தீட்டியவருக்கு அதன் இரும்பு தெரிந்திருக்கும். கல்லில் அது எப்படிக் கடிக்கிறது, பிசிர் எப்படி எழுகிறது, எவ்வளவு நேரத்தில் மடங்குகிறது என்பதெல்லாம் அவர் விரலுக்குத் தெரிந்திருக்கும். அவர் காசு வாங்கியிருந்தாலும்கூட, அவர் பேச்சில் எடுத்துக்கொள்ளத்தக்க ஒன்று இருக்கும்.

திரையில் தோன்றுகிறவர் எல்லாரும் தீட்டுக்கல்லை மறைப்பவர் என்று சொன்னால் அது அநியாயம். இங்கிலாந்தில் பால் செல்லர்ஸ் என்று ஒரு தச்சர் இருக்கிறார். 1960-களில், பதினைந்து வயதில், பட்டறையில் தொழில் பயிலச் சேர்ந்தவர். இன்று உலகெங்கும் லட்சக்கணக்கானோர் அவர் காணொளிகளைப் பார்க்கிறார்கள். அவர் கூரிடுவதை ஒரு முக்கியப் பாடமாக வைத்திருக்கிறார். ஆல்டி என்னும் மளிகைக் கடையில் அற்ப விலைக்கு விற்ற உளிகளை வாங்கி, தீட்டி, வேலை செய்து பார்த்து, இவை போதும் என்று சொன்னார். மரத்தில் பள்ளத்தைச் சமமாகத் தோண்டும் பழைய இழைப்புளிக்கு விலை ஏறிப்போனபோது, ஒரு மரக்கட்டையில் சாய்வாகத் துளையிட்டு அதில் சாதாரண உளியைச் செருகினாலே அந்த வேலை நடக்கும் என்று செய்து காட்டினார். அவர் நல்லதென்று சொல்லும் பழைய கருவிகளுக்கு ஏலச் சந்தையில் கிராக்கி ஏறிவிடுவதும் உண்டு. சொல்லுக்கு அவ்வளவு சக்தி இருக்கிறது. அந்தச் சக்தி இருப்பதாலேயே, அதைக் கையாள்பவருக்குக் கொல்லனுக்குரிய பொறுப்பு வந்துவிடுகிறது. எங்கள் காலத்துக் கொல்லன் தான் அடித்த அரிவாள் உதிர்ந்தால் மறுநாள் காலையில் அதை வாங்கியவன் முகத்தில் விழித்தாக வேண்டும். திரையில் பேசுகிறவருக்கு அந்தக் காலை விடிவதே இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பது நம் பழமொழி. கை பழகாதவன் கருவியைத் தூற்றுவதும் உலக வழக்கு. என் மருமகன் இளநீரை ஓட்டோடு சேர்த்து ஓங்கி வெட்டினான் என்பது உண்மை; சீவத் தெரிந்தவர் மட்டையின் சதையில் அலகை ஓடவிட்டு, ஓடு வருமுன் நிறுத்துவார். உதிர்ந்ததில் அவன் கைக்கும் பங்குண்டு. கோலம் அழிந்ததில் அவனுக்குப் பங்கில்லை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் நியாயம். அவனிடமும் அப்படியே சொன்னேன்.

தமிழ்நாட்டில் ‘நுகர்வோர்’ என்று வழங்குவதை இந்நாட்டில் நாங்கள் ‘பயனீட்டாளர்’ என்கிறோம். 1969-இல் தொடங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் மூலம் அச்சொல் வீடுதோறும் பரவிற்று. நெடுநாளாக இதை ஒரு மொழிபெயர்ப்புச் சொல்லாகவே கருதியிருந்தேன். அன்றைக்குக் கல்லின் முன் உட்கார்ந்திருந்தபோதுதான் அதன் அழகு எனக்குப் புலப்பட்டது. நுகர்தல் என்பது வந்ததை அனுபவித்தல்; பழத்தை நுகரலாம், மணத்தை நுகரலாம். ஈட்டுதல் என்பது உழைத்துச் சேர்த்தல். பயனை ஈட்டுபவர் என்று எங்கள் ஜனங்கள் வாங்குபவனை அழைத்தார்கள். கருவியைப் பொறுத்தவரையில் இதைவிடப் பொருத்தமான சொல் இருக்க முடியாது. ஏனென்றால் உளியின் பயன் எண்ணெய்த் தாளுக்குள் சுற்றி வருவதில்லை. என் தகப்பனார் சுமார் பத்தாயிரம் அந்திகளில் கல்லின் முன் குந்தி அதை ஈட்டினார். தவுக்கே கொடுத்த இரும்பு, ஈட்டுவதற்கு இடம் கொடுத்தது. அது இரும்பின் நற்குணம். இடம் கொடுக்காத இரும்பும் உண்டு. எவ்வளவு உழைத்தாலும் பயன் சேராத அப்படிப்பட்ட பண்டத்தை, வேர்வை சிந்திச் சம்பாதித்த 129 ரிங்கிட்டுக்கு ஒரு பிள்ளையின் தலையில் கட்டுவது, அவன் காசை மட்டும் அன்று, அவன் கைக்கு வரவேண்டிய ஞானத்தையும் பறிப்பதாகும்.

சென்ற மாதம் அவனுக்கு ஒரு பழைய பாராங் கிடைத்தது. அவன் வேலைத்தளத்துக்குப் பக்கத்தில் செம்பனை வெட்டும் இந்தோனேசியத் தொழிலாளர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனாராம். லாரிப் பட்டையில் அடித்தது. பிடி ஆடிற்று, விளிம்பு கட்டைவிரல் கனத்துக்கு மழுங்கியிருந்தது. சனிக்கிழமை மாலை அதைக் கொண்டுவந்து பின்கட்டில் உட்கார்ந்தான். முதலில் நான் இருபது இழுப்பு இழுத்துக் காட்டினேன்: அலகின் கோணம் மாறாமல், தோளிலிருந்து கை போகவேண்டும், மணிக்கட்டு அசையக் கூடாது. பிறகு அவனிடம் கொடுத்தேன். “நான் இதப் படம் எடுக்கட்டா மாமா?” என்று கேட்டு, கைப்பேசியை வாளியில் சாய்த்து வைத்தான். வைத்தவன் அதன் பக்கம் திரும்பவில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. தரவு மையத்து விளக்குகள் எரியத் தொடங்கின. கல்லில் இரும்பு ஓடும் ஓசை முதலில் கரகரவென்றும், போகப் போக ஒரே சீராகவும் வந்தது. உள்ளே போய் அப்பாவின் உளியை எடுத்து வந்து அவன் பக்கத்தில் வைத்து, நகத்தில் வைத்துப் பார்க்கும் விதத்தைச் சொன்னேன். அவன் முதலில் உளியைத் தன் கட்டைவிரல் நகத்தில் வைத்தான். வருஷங்களாகத் தீட்டப்படாத அந்த அலகு அப்போதும் நகத்தைப் பிடித்தது. பிறகு பாராங்கை வைத்தான்.

“வழுக்குது மாமா” என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் தண்ணீரைக் கல்லின் மேல் தெளித்தான்.